கேட்போரே கொடுப்போர்: கோண்டி வாய்மொழிக் கதைமரபில் கூட்டுக்கொடை

முன்னுரை

வாய்மொழிக் கதைகளைப் பற்றிய ஆய்வுகள் கதையின் அமைப்பையும் பொருளையும் நிகழ்த்துமுறையையும் விரிவாகப் பேசுகின்றன. கதைசொல்லி எதை உண்டு வாழ்ந்தார், அவருக்குக் கொடுத்தோர் யாவர், எந்த உரிமையால் அவர் பெற்றார் என்னும் வினாக்கள் மட்டும் சமூகவியலுக்கு உரியனவாகக் கருதி ஒதுக்கப்படுகின்றன. இவ்வொதுக்கம் ஏற்கத்தக்கதன்று. கொடையின் முறை மாறுங்கால் கதையின் வடிவமும் மாறுகிறது. கதையைக் கேட்பவர் யார் என்பதும் மாறுகிறது. நடு இந்தியாவின் கோண்டு மக்களிடையே பர்தான்கள் பேணிவரும் கதைமரபு இதற்குத் தெளிவான சான்றாகும். அம்மரபில் கொடை பெற்றிருந்த இடம், அக்கொடை சிதைந்தபோது நேர்ந்த மாற்றங்கள், அண்மைக்காலத்தில் தெலங்கானாவின் கேசலாபூரில் ஒரு குலத்தார் ஒன்றுதிரண்டு நிதி சேர்த்த செயலின் பொருள் ஆகியவற்றை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

ஆய்வுக்களம்

கோண்டி தென்-நடுத் திராவிட மொழிகளுள் ஒன்று. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அதனைத் தாய்மொழியாகக் குறித்தோர் 29 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், மகாராட்டிரம், தெலங்கானா முதலிய மாநிலங்களில் பரவி வழங்கும் இம்மொழி அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெறவில்லை. கோண்டு இனத்தாருள் பலர் இன்று இந்தி, மராத்தி, தெலுங்கு ஆகியவற்றுள் ஒன்றையே பேசுகின்றனர்.

தமிழாய்வாளருக்கு இம்மொழி அயலானதன்று. கோண்டுகளின் குலத்தெய்வம் ‘பெர்சா பென்’ எனப்படுகிறது. ‘பெர்சா’ என்பது பெருமைப் பொருளது. தமிழின் ‘பெரு’ என்னும் அடியோடு இனமுடையது. தெய்வத்தைக் குறிக்கும் ‘பென்’ என்னும் சொல்லைப் பர்ரோ, எமனோ ஆகியோரின் திராவிட வேர்ச்சொல் அகராதி தமிழின் ‘பேய்’ என்னும் சொல்லோடு ஒருங்கு வைக்கிறது. ஒரே வேரினின்று கிளைத்த சொல் ஓரிடத்தில் தெய்வத்தையும் மற்றோரிடத்தில் அச்சந்தரும் ஆவியையும் குறிப்பது தனியே ஆராயத்தக்கது. கோண்டுக் குலங்கள் நான்கு, ஐந்து, ஆறு, ஏழு உடன்பிறந்தார் வழிவந்த பெரும்பிரிவுகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. நாலுவென், சிவென், சர்வென், ஏர்வென் என வழங்கும் அப்பிரிவுகளின் பெயர்களில் திராவிட எண்ணுப்பெயர்கள் ஒலிக்கின்றன.

இக்குலங்களின் தோற்றம், தெய்வங்களின் வரலாறு, பஹாண்டி குபார் லிங்கால் என்னும் பண்பாட்டு வீரன் தெய்வங்களைக் குகைச் சிறையினின்று மீட்ட கதை ஆகியவற்றைப் பாடுவோர் பர்தான்கள். அடிலாபாத் பகுதியில் அவர்களோடு தோட்டி எனப்படும் மற்றொரு பாண் குலத்தாரும் இப்பணியைச் செய்கின்றனர். இப்பெயரைத் தமிழில் வழங்கும் சொல்லோடு பொருள் மயங்கலாகாது. மண்டலாப் பகுதியில் ‘பானா’ என்றும் அடிலாபாத்தில் ‘கிக்ரி’ என்றும் வழங்கும் மூன்று நரம்புடைய வில்யாழே இவர்களின் கருவியாகும்.

கொடையும் பங்குரிமையும்

நர்மதை ஆற்றின் மேற்பகுதியில் வாழும் பர்தான்களைப் பற்றி ஷாம்ராவ் ஹிவாளே எழுதிய நூல் 1946-இல் வெளிவந்தது. அடிலாபாத்தின் ராஜ கோண்டுகளைப் பற்றிய ஃப்யூரர்-ஹைமண்டார்ஃபின் நூல் 1948-இல் வெளிவந்தது. இரு பகுதிகளின் வழக்கங்களில் வேறுபாடுகள் உள. ஆயினும் கொடைமுறையின் அடிப்படை ஒன்றே. ஒவ்வொரு பர்தான் குடும்பமும் குறிப்பிட்ட கோண்டுக் குடும்பங்களோடு தலைமுறை தலைமுறையாகப் பிணைக்கப்பட்டுள்ளது. புரவலரின் குலப்பெயரே பர்தானின் குலப்பெயராகவும் அமைகிறது. பர்தான் மூன்றாண்டுக்கு ஒருமுறை தம் புரவலர் இல்லங்களை நாடிச் செல்வார். அங்குத் தங்கிக் குலவரலாற்றைப் பாடுவார். தானியம், ஆடை, கால்நடை, உலோகக் கலம் எனக் குடும்பத்தின் வளத்திற்கேற்பப் பெறுவார். இறப்புச் சடங்கில் இறந்தோரின் ஆடை அணிகளுள் ஒரு பகுதி அவரைச் சேரும்.

இக்கொடையைப் பிச்சை என்றோ கூலி என்றோ வகைப்படுத்துவதற்கு அம்மக்களின் தோற்றக்கதையே இடந்தரவில்லை. ஏழு உடன்பிறந்தாருள் இளையவன் பர்தான் என அக்கதை கூறுகிறது. மூத்தோர் நிலத்தை உழுது வாழ, இளையவன் யாழ் செய்து இசைத்துப் பெருந்தெய்வத்தை எழுப்பும் பணியை ஏற்றான். சாஜா மரத்தில் உறையும் அத்தெய்வம் அவனது இசைக்கே செவிசாய்த்தது. எனவே மூத்தோர் வழியினர் இளையோன் வழியினரைப் பேணும் கடப்பாடு உடையராயினர்.

இக்கதையின் நுட்பம் நோக்கத்தக்கது. நிலத்தில் பங்கு பெறாத இளையவனுக்கு விளைச்சலில் பங்கு தரப்படுகிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறை வாயிலில் வந்து நிற்பவன் இரவலன் அல்லன். தன் பாகத்தைப் பெற வந்த தம்பி. கொடுக்க மறுப்பவன் ஈகைக் குறைவுடையவனாக மட்டும் கருதப்படான். உடன்பிறந்தானின் பங்கை வைத்துக்கொண்டவனாகவும் ஆவான். கொடைக்குரிய நியாயத்தைக் கதையே வழங்குகிறது. அந்நியாயத்தைப் பாடுபவனும் கொடை பெறுபவனே. பாடலும் பொருளாதாரமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் அமைப்பு இது.

இவ்வுறவை முழுச் சமத்துவமாகப் போற்றுவது பிழையாகும். பர்தான் சமைத்த உணவைக் கோண்டுகள் ஏற்பதில்லை என ஹைமண்டார்ஃப் பதிவு செய்துள்ளார். தெய்வத்தை எழுப்பும் இசை வேண்டும். இசைப்பவன் கையால் உணவு வேண்டா என்னும் முரண் இம்மரபின் உள்ளேயே இருந்தது. உடன்பிறப்புக் கதை இத்தாழ்வை நீக்கவில்லை. தாழ்வுக்கு இடையேயும் உரிமையை நிலைநாட்டும் கருவியாகப் பயன்பட்டது. பழங்குடிச் சமூகத்தின் கூட்டுணர்வைப் பேசும் எழுத்துகள் பல இம்முரணைக் காணாது விடுகின்றன.

கதைக்குள் கேட்போர்

புரவலர் இல்லத்தில் பாடப்பெறும் கதை, புரவலரின் முன்னோர் கதையே ஆகும். எந்தக் குலம் எந்தப் பிரிவைச் சார்ந்தது, எக்குலத்தாரோடு மணவுறவு கொள்ளலாம், எவரோடு கொள்ளலாகாது, தெய்வம் எவ்வூரில் நிலைகொண்டது என்பனவற்றைக் கேட்போர் இக்கதை வழியாகவே அறிந்தனர். எழுத்து வழக்கு பரவலாக இல்லாத சமூகத்தில் பர்தானின் நினைவு உரிமைப் பத்திரமாகவும் விளங்கியது. ஆகவே கொடுப்போர் கதைக்கு வெளியே நிற்கும் நுகர்வோர் அல்லர். கதைக்குள் இடம்பெறும் மாந்தரின் வழித்தோன்றல்கள்.

இதனால் கதைசொல்லியின் உரிமைக்கு எல்லையும் உண்டு. பிழைபடப் பாடினால் திருத்துவதற்குக் கேட்போருள் மூத்தோர் இருந்தனர். அவ்வாறே, கேட்போர் தம் குலத்தின் உயர்வுக்காகக் கதையை மாற்ற விரும்பினால் பிற குலங்களுக்குப் பாடும் பிற பர்தான்களின் பாடல் அதனை மறுத்துநின்றது. கூட்டுறவு என்பது இங்கு இருதரப்புக் கண்காணிப்பாகவும் அமைந்தது.

அடிலாபாத்துப் பர்தான்களின் வீட்டுமொழி மராத்தி என்பது மற்றொரு குறிப்பிடத்தக்க செய்தி. தம் இல்லத்தில் மராத்தி பேசுவோர், புரவலருக்காகக் கோண்டிக் கதைச் செல்வத்தைக் காத்துவந்தனர். ஒரு மொழியின் இலக்கியத்தை அம்மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர் காத்தமைக்குக் காரணம், கேட்போர் அதனைக் கோண்டியில் வேண்டினர் என்பதே. கேட்போரின் மொழி மாறினால் கதையின் மொழியும் நிற்காது என்பது இதன் மறுபக்கம்.

ஆற்றுப்படையோடு ஓர் ஒப்பீடு

தமிழ் இலக்கிய மரபில் கலைஞர்-புரவலர் உறவைப் பேசுங்கால் ஆற்றுப்படை முதலில் நினைவுக்கு வரும். பரிசில் பெற்ற பாணன், பெறாத பாணனை வள்ளலிடம் வழிப்படுத்துகிறான். பரிசில் கடாநிலை, பரிசில் விடை முதலிய துறைகளும் இவ்வுறவின் பல நிலைகளைக் காட்டுகின்றன. ஆற்றுப்படையில் ஒற்றுமை கலைஞர்களுக்கு இடையே நிகழ்கிறது. கொடுப்பவனோ தனியொரு மன்னன் அல்லது தலைவன். தான் பெற்ற வளத்தை மறையாது பிறர்க்குக் காட்டுவதே அங்குக் கூட்டுணர்வாகும்.

கோண்டு மரபில் நிலைமை வேறு. புரவலர் இல்லங்கள் முன்னரே பகுக்கப்பட்டமையால் பர்தானுக்கு வழிகாட்டும் தேவை இல்லை. ஒருவர் மிகுதியாகக் கொடுத்துப் புகழ் பெறுவதைவிட, பலர் முறையாகக் கொடுத்துக் கடன் தீர்ப்பதே அங்கு முதன்மை பெறுகிறது. பாணர் மரபு வேந்தரின் வீழ்ச்சியோடு நலிந்தது. பர்தான் மரபோ, கோண்டு அரசுகள் மறைந்த பின்னரும் உழவர் குடும்பங்களின் சிறுசிறு கொடையால் நெடுங்காலம் நின்றது. ஒரு பெருங்கொடையினும் பல சிறுகொடைகள் கதைக்கு உறுதியான காப்பாக அமையும் என்பது இவ்வொப்பீட்டால் பெறப்படுகிறது.

கொடை சிதைந்த காலம்

பல சிறுகொடைகளை நம்பி நின்ற அமைப்புக்கு, கொடுப்போர் அனைவரும் ஒருங்கே வறுமையுறுவதே பேரிடர். காலனிய ஆட்சியிலும் ஐதராபாத் அரசிலும் காடுகள் ஒதுக்கப்பட்டன. நிலங்கள் வெளியாரிடம் சென்றன. அடிலாபாத்தில் நில, வன உரிமைக்காகப் போராடிய குமரம் பீம் 1940-இல் கொல்லப்பட்டார். அதன் பின்னரே அந்நாளைய அரசு கோண்டுகளின் நிலையை ஆராய ஹைமண்டார்ஃபை அனுப்பியது. விளைநிலம் இழந்தவன் விளைச்சலில் பங்கு தர இயலான். பர்தானின் வருகை புரவலனுக்குச் சுமையாகவும் பர்தானுக்கு நாணமாகவும் மாறியது.

மண்டலாப் பகுதியில் இதன் விளைவு புதிய கலைவடிவமாக வெளிப்பட்டது. பட்டண்கட் என்னும் ஊரைச் சார்ந்த ஜன்கட் சிங் ஷ்யாமின் திறனை, 1982-இல் போபாலில் தொடங்கப்பெற்ற பாரத் பவனின் கலைக்கூடத்தை அமைத்த ஓவியர் ஜெ. சுவாமிநாதனும் அவர்தம் குழுவினரும் கண்டறிந்தனர். யாழில் பாடிய தெய்வங்கள் தாளிலும் துணியிலும் உருப்பெற்றன. 1989-இல் பாரிசில் நிகழ்ந்த பன்னாட்டுக் கண்காட்சியில் அவர் பங்கேற்றார். 2001-இல் ஜப்பானிய அருங்காட்சியகம் ஒன்றில் தங்கி ஓவியந் தீட்டிவந்தபோது உயிர்துறந்தார். அவர்வழி வந்தோருள் பஜ்ஜு ஷ்யாமின் இலண்டன் பயணநூலைச் சென்னையின் தாரா பதிப்பகம் 2004-இல் வெளியிட்டது. அம்பேத்கரின் வாழ்வைக் கூறும் ‘பீமாயனா’ 2011-இல் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் ஆகியோரின் ஓவியங்களோடு வெளிவந்தது. பஜ்ஜு ஷ்யாம் 2018-இலும் துர்காபாய் வியாம் 2022-இலும் பத்மஸ்ரீ விருது பெற்றனர்.

இவ்வளர்ச்சி பர்தான் குடும்பங்கள் பலவற்றுக்கு வாழ்வளித்தது. சாதித் தாழ்வின் பிடியினின்று விலகி, தம் பெயரால் அறியப்படும் கலைஞர்களாக அவர்கள் உயர்ந்தனர். இதனை மரபின் சிதைவு என்று இகழ்வோர், பழைய அமைப்பின் இழிவை எண்ணிப் பாராதவராவர். எனினும் ஒரு மாற்றத்தை மறைத்தல் ஆகாது. ஓவியத்தை வாங்குபவர் அதன் கதையில் இல்லை. சாஜா மரத்தை விலைகொடுத்து வாங்குபவருக்கு அம்மரத்தில் உறையும் தெய்வத்தோடு கடன் ஏதும் இல்லை. ஓவியம் கூறும் குலமுறை தவறென்று திருத்தவும் அவரால் இயலாது. பட்டண்கட்டின் புரவலர் குடும்பத்துப் பிள்ளைகளோ அவ்வோவியத்தை வாங்க இயலாதவர். கலைஞர் வாழ, கேட்போர் கதையை இழந்தனர். அரசு நல்கையும் சந்தையும் கதைசொல்லிக்குப் பொருள் தர வல்லன; கேட்போரைத் தர வல்லன அல்ல.

கேசலாபூர்: குலத்தாரின் கூட்டுநிதி

இச்சூழலில் கேசலாபூர் நிகழ்வு ஆராயத்தக்கது. அடிலாபாத் மாவட்டத்து இந்திரவெல்லி வட்டாரத்திலுள்ள இவ்வூரில் மெஸ்ரம் குலத்தாரின் நாகதெய்வமான நாகோபாவின் திருவிழா ஆண்டுதோறும் தை அமாவாசையை ஒட்டி நிகழ்கிறது. விழாவுக்கு முன்னர்க் குலப்பெரியோர் மாட்டுவண்டியில் ஊர்தோறும் சென்று அறிவிக்கின்றனர். பின்னர் வெண்ணிற ஆடையுடுத்த குலத்தார் கால்நடையாகக் கோதாவரிக் கரையை அடைந்து புனிதநீர் கொணர்கின்றனர். அதற்குரிய மண்கலங்களைச் சிரிகொண்டாவில் வாழும் குயவர் குடும்பம் வழிவழியாக வனைந்து தருகிறது. புதிதாக மணமுடித்து வந்த மருமகளிர் தெய்வத்தின்முன் அறிமுகம் செய்யப்பெறும் சடங்கிற்குப் பின்னரே குலத்தின் முழு உறுப்பினராகின்றனர். குலத்தின் 22 கிளையினரும் தத்தமக்குரிய அடுப்பில் சமைக்கின்றனர். இச்சடங்குகளின் காரணத்தை விளக்கும் குலக்கதையைப் பாடுவோர் பர்தான்களே.

இத்தெய்வத்திற்கு மெஸ்ரம் குலத்தார் தம் பங்களிப்பைத் திரட்டிக் கருங்கல் கோயில் எழுப்பினர். 2022 டிசம்பரில் அது திறக்கப்பெற்றது. செலவு சுமார் 5 கோடி ரூபாய் என நாளிதழ்கள் குறித்தன. உழவர், கூலியாளர், அரசுப் பணியாளர் எனப் பல நிலைகளில் வாழும் குலத்தார் தத்தம் நிலைக்கேற்பக் கொடுத்தனர்.

இச்செயலை வெறும் நன்கொடைத் திரட்டலாகக் கருதுவதைவிடப் பழைய கொடைமுறையின் மறுபிறப்பாகக் காண்பது பொருந்தும். நிதி திரட்டுவதற்கு முதலில் குலத்தார் யாவர் என்பது தெரிதல் வேண்டும். அந்தக் கணக்கைக் கிளைமுறை கூறும் கதை ஏற்கெனவே வகுத்து வைத்திருந்தது. 22 அடுப்புகளுக்குரியோர் யாவரோ அவர்களே கொடைக்கும் உரியோர். ஊர்தோறும் செல்லும் மாட்டுவண்டி, நடைப்பயணம், கூட்டு உணவு என்னும் வழக்கங்கள் நம்பிக்கையை ஆண்டுதோறும் புதுப்பித்து வந்தன. நிதிக்குழு அமைத்துப் புதிதாக நம்பிக்கை தேட வேண்டிய நிலை அவர்களுக்கு இல்லை. கதை மக்களைத் திரட்டியது. மக்கள் பொருளைத் திரட்டினர் என்று இதனைச் சுருக்கிக் கூறலாம்.

ஆயினும் இங்கு ஒரு வினா எழுகிறது. திரண்ட பொருள் கல்லில் நிலைபெற்றது. அக்கல்லுக்குப் பொருள் தரும் சொல்லின் நிலை யாது? மண்மேட்டிலும் மரத்தடியிலும் உறைந்த தெய்வத்துக்குக் கதையே கோயிலாக இருந்தது. கோயில் எழுந்தபின் கதை அதன் தலபுராணமாகச் சுருங்கும் வாய்ப்பு உண்டு. தூணிலும் சுவரிலும் செதுக்கப்பட்ட காட்சிகள் பாடகரின் இடத்தைக் கொள்ளும் வாய்ப்பும் உண்டு. அவ்வாறே ஆகும் என்று இப்போது முடிவு கூறுதல் முறையன்று. குலத்தாருள் கற்றோர் பெருகியுள்ளனர். பர்தான் குடும்பங்களிலும் கற்றோர் உள்ளனர். யாழ் பயிலும் இளையோருக்கு உதவும் நிதியாகவும், பாடல்களைப் பதிந்து ஊர்தோறும் வைக்கும் முயற்சியாகவும் இதே கொடைமுறை விரிவுபெற இயலும். அவ்விரிவில் பர்தானும் தோட்டியும் கொடை பெறுவோராக மட்டும் நில்லாது, நிதியை ஆளும் அவையில் சமமாக அமர்தல் வேண்டும். உடன்பிறப்புக் கதை கூறிய நீதி முழுமை பெறுவது அப்போதே.

ஆய்வாளரின் கடன்

இம்மரபில் கொடுக்காது பெற்ற ஒரு தரப்பு உண்டு. அது ஆய்வுலகம். லிங்கோவின் கதைப்பாடல் ஒரு பர்தானிடமிருந்து கேட்டுப் பெறப்பட்டு, ஸ்டீஃபன் ஹிஸ்லாப்பின் மறைவுக்குப்பின் ரிச்சர்டு டெம்பிள் பதிப்பித்த தொகுப்பில் 1866-இல் அச்சேறியது. இன்றளவும் அது ஹிஸ்லாப்பின் பெயரால் அறியப்படுகிறதே அன்றிப் பாடியவர் பெயரால் அன்று. ஹைமண்டார்ஃபின் நிழற்படங்களும் திரைச்சுருள்களும் இலண்டனில் உள்ளன. மூன்றாண்டுக்கு ஒருமுறை மீளும் கடப்பாடுடைய கொடை வட்டத்தில், ஒருமுறை வந்து பாடலைப் பெற்று மீளாது சென்றவர் ஆய்வாளர்.

இதற்கு மாறான செயல்களும் நிகழ்ந்துள்ளன. அடிலாபாத்தின் குஞ்சாலா என்னும் ஊரில் கோண்டுகள் காத்துவைத்திருந்த சுவடிகளின் எழுத்தைப் பேராசிரியர் ஜெயதீர் திருமலராவும் உடனுழைத்தோரும் வெளிக்கொணர்ந்தனர். அவ்வூர் மூத்தோரே அவ்வெழுத்தைக் கற்பித்தனர். 2018-இல் குஞ்சாலா கோண்டி ஒருங்குறியில் இடம்பெற்றது. கற்றோரும் ஊராரும் கூடியபோது மரபு ஊரிலேயே நிலைத்தமைக்கு இது சான்று.

தமிழ்த்துறைகளிலும் பழங்குடி வாய்மொழி வழக்காறுகள் முனைவர் பட்டத்திற்காகத் தொகுக்கப்படுகின்றன. தகவலாளர் பட்டியல் என்னும் பின்னிணைப்பில் ஒரு வரியாகக் கதைசொல்லி ஒடுங்குகிறார். ஒலிப்பதிவின் படியைத் திருப்பித் தருதல், கதைசொல்லியின் இசைவோடு அவர் பெயரை முகப்பில் குறித்தல், நூல் வருவாயில் பங்களித்தல் ஆகியன அருளால் செய்யும் உதவிகள் அல்ல. பங்காளிக்குரிய பாகத்தைக் கொடுத்தலே அவை.

முடிவுரை

கோண்டிக் கதைமரபில் கொடை, கதைக்கு வெளியே நின்று அதனைத் தாங்கும் புறப்பொருள் அன்று. கதையின் உள்ளமைப்பிலேயே இடம்பெற்ற உரிமையாகும். கேட்போரே கொடுப்போராக இருந்தமையால் கதை பிழையின்றியும் கோண்டி மொழியிலும் நிலைத்தது. நிலவிழப்பால் அவ்வமைப்பு சிதைந்தபோது ஓவியமும் சந்தையும் கலைஞரைக் காத்தன, கேட்போரைக் காக்கவில்லை. கேசலாபூரில் குலத்தார் திரட்டிய நிதி, கூட்டுக்கொடையின் ஆற்றல் இன்னும் அழியவில்லை என்பதைக் காட்டுகிறது. அவ்வாற்றல் கோயிலோடு நில்லாது பாடகரின் இல்லத்தையும் எட்டுமாயின், மூத்தோர் வாயிலில் இளையோன் தன் பங்குக்காகக் காத்துநிற்கும் நிலை மாறும்.